மூக்குக்குப் போகிற கை

நவம்பர் 19, புதன்

நூல் மில்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. பத்து மாதமாக இதில் ஒரு எழுத்து எழுதவில்லை. காட்டுக்குள் போன் எடுக்காதாம், மனசு விட்டுப் பேசவும் ஆளில்லை. அதனால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மிருதுளாவிடம் பழனிக்குப் பாதயாத்திரை போவதாகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனி ஆட்களோடு என்று. முருகன் மன்னிக்கட்டும். "முட்டி பத்திரம்மா, வலிச்சா பஸ் ஏறிடு" என்றாள். கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் மட்டும் எனக்குத் தெரியாமல் ஒரு வருடமாக ஒருத்தனோடு பேசிக்கொண்டிருக்கலாமாக்கும்?

அவன் பெயர் எபனேசர். வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வீட்டுப் பையன். வெளியூர்க்காரர்களை மூட்டை முடிச்சோடு காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போய்ப் புலித்தடம் காட்டுகிற வேலை. கோயமுத்தூரில் வேலை பார்க்கிற என் மகள், சிநேகிதிகளோடு அந்தக் காட்டுக்குப் போனவள், புலியைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வேறு சாதி, வேறு சாமி. என் அண்ணன்மாருக்குத் தெரிந்தால் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள். அதையெல்லாம் நான் சமாளித்துக்கொள்வேன். ஆள் எப்படி என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை. அதுதான் எனக்குப் பயமே.

திருப்பூர் பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்தால் போதும், குறை இருக்கிற இடத்தில் கண் போய் நிற்கும். எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்டது. அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவோம். மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சோபாவில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தால் என்ன தெரியும்? எல்லாரும் இஸ்திரி போட்டுக்கொண்டுதான் வருவார்கள். என்னைப் பார்க்க வந்தவரும் அப்படித்தான் வந்தார். அதனால் இந்தத் தடவை, அவன் கூட்டிப்போகிற கூட்டத்திலேயே மணி என்று பெயர் கொடுத்துச் சேர்ந்துவிட்டேன். வசந்தாமணியில் பாதி. என் போட்டோவை அவனுக்குக் காட்டவே கூடாது என்று மிருதுளாவிடம் முன்பே சத்தியம் வாங்கியாயிற்று.

ஆளைப் பார்க்க என்னிடம் ஒரு இடம் இருக்கிறது. அந்த ஒரு இடத்தைத்தான் பார்ப்பேன். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

ஒப்புட்டு சுட்டுக் கட்டிக்கொண்டேன். தேங்காய்ப் பூரணம் வைத்த போளி. கண்டவன் கையால் ஆக்கியதைத் தின்ன என்னால் ஆகாது.

நவம்பர் 20, வியாழன்

கருமம், கருமம், கருமம்.

அட்டை என்றால் பாடப்புத்தகத்தில் பார்த்ததோடு சரி. இங்கே ஒவ்வொரு இலையிலும் ஒன்று எழுந்து நின்று ஆளைத் தேடுகிறது. சாக்ஸைக் கழற்றினால் விரலிடுக்கில் நாவல்பழம் கணக்காக ஒன்று தொங்கியது. பிடுங்கினால் கையில் ஒட்டுகிறது, கையை உதறினால் கழுத்தில் ஒட்டுகிறது. அலறினேன். எபனேசர் உப்புப் பொட்டலத்தோடு ஓடி வந்தான்.

"பிடுங்காதீங்கம்மா, ரத்தம் நிக்காது. உப்பு வெச்சா அதுவே விழுந்துரும்."

ஆள் ஒல்லி. தாடி. குரல் மட்டும் பரவாயில்லை, சத்தம் போடாமல் பேசுகிறான். காலையிலேயே என் பவுடர் டப்பாவையும் சந்தன சோப்பையும் வாங்கி ஜீப்பில் வைத்துவிட்டான். வாசனை வந்தால் மிருகம் ஒதுங்கிப் போய்விடுமாம். சரி, இருபத்தைந்து வருடமாகப் பவுடர் போடாமல் நான் வெளியே போனதில்லை என்று இவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கூட்டம் என்று பெரிதாக இல்லை. சென்னையிலிருந்து ரகோத்தமன் சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், குடம் அளவுக்குக் கேமரா வைத்திருக்கிறார். புலியைப் படம் எடுக்காமல் ஊர் திரும்ப மாட்டாராம். ஷோபிகா என்று ஒரு பெண், கம்ப்யூட்டர் வேலை, அவளும் நானும் ஒரே கூடாரம். முன்னால் வழி பார்த்துக்கொண்டு வனத்துறை வாட்சர் நாகப்பன். அவர் வாயே திறப்பதில்லை.

மத்தியானம் நடந்ததை எழுதவே கூசுகிறது. பாதை நடுவில் புலி வெளிக்கு இருந்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் என்றால் தாண்டிப் போவோம். இவன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, குச்சியால் அதை உடைத்து, குனிந்து மோந்து பார்க்கிறான்! "கடமான் முடி. நேத்துப் போட்டது" என்று ஏதோ தங்கம் கிடைத்த மாதிரி சிரிக்கிறான். ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டுமாம். காகித உறையில் போட்டு மூட்டையின் இடது பக்கப் பையில் சொருகினான். வலது பக்கப் பையில் வெங்காயம். சாயங்காலம் அந்தக் கையால்தான் வெங்காயம் நறுக்கினான். சோப்புப் போட்டுக் கழுவினான், பார்த்தேன். கழுவினால் ஆச்சா?

"நீங்க சாப்பிடலைங்களாம்மா?"

"விரதம்" என்றேன். "வியாழக்கெழமை விரதம்."

கூடாரத்துக்குள் போய் ஒப்புட்டு தின்றேன்.

என் மகள் இவன் கையால் சாப்பிடப் போகிறாளா?

நவம்பர் 21, வெள்ளி

மழை. துணி எதுவும் காயவில்லை. எல்லாவற்றிலும் ஈரநாய் வாடை.

காலையில் ஒரு மரத்தைக் காட்டி, "மணியம்மா, இங்க மோந்து பாருங்க" என்றான். அப்பாவியாக மோந்தேன். பாசுமதி அரிசி வடித்த வாசம். அட, நல்லா இருக்கே என்றேன். புலி மூத்திரமாம்! தன் எல்லை இது என்று மரத்தில் பீய்ச்சிவிட்டுப் போகுமாம். ரகோத்தமன் சார் சிரித்த சிரிப்பில் காடே அதிர்ந்தது. இனி ஜென்மத்துக்கும் நான் பிரியாணி தொட மாட்டேன்.

ஓடைக்கரையில் ஒரு சிறுத்தைப்பூனையைப் பார்த்தோம். வீட்டுப் பூனை அளவுதான், உடம்பு முழுக்கப் புள்ளி. தண்ணீரிலிருந்து தவளையைப் பிடித்து உயிரோடு மென்றுகொண்டிருந்தது. கால் வெளியே துடிக்கிறது. பூனை எங்களை ஒரு பார்வை பார்த்தது, நாங்கள்தான் அசிங்கம் என்கிற மாதிரி. ரகோத்தமன் சார் கேமரா மூடியைக் கழற்றுவதற்குள் போய்விட்டது.

பிறகு அந்தக் காட்டெருமை. செத்துப் பத்து நாள் இருக்கும், வயிறு வெடித்து, புழு நெளிந்து, ஐயோ, அந்த வாடை வாய்க்குள்ளேயே இறங்குகிறது. ஷோபிகா துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள். ரகோத்தமன் சார் தோளில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை எடுத்து மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்காரரும் தேங்காய்ப்பூத் துண்டுதான் வைத்திருப்பார்.

சட்டென்று எபனேசரைத் திரும்பிப் பார்த்தேன். அவனுடைய ஒரு கையில் சமையல் மூட்டை, இன்னொரு கையில் என் பை. இரண்டு கையிலும் சுமை. கை எங்கே போகும் என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. கெரகம். இவ்வளவு தூரம் அதைப் பார்க்கத்தானே வந்தேன்.

எழுத மாட்டேன் என்றதை எழுதிவிட்டேன் போலிருக்கிறது. போகட்டும்.

இன்று தங்குமிடம் நல்ல இடம். சுற்றிலும் யானை வராமல் ஆழமாக அகழி வெட்டியிருக்கிறார்கள், உள்ளே கூடாரம். கக்கூஸ் குழி மட்டும் அகழிக்கு அந்தப் பக்கம், பலகை மேல் நடந்து போக வேண்டும்.

"இன்னைக்கும் விரதங்களாம்மா?"

"வெள்ளிக்கெழமை அம்மனுக்கு."

"அப்ப நேத்து?"

"அது குருவுக்கு."

அவன் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனான். தோலுரித்துத் தின்பதுதானே என்று தின்றேன்.

நவம்பர் 22, சனி, காலை

புலி! அகழியிலிருந்து கல்லெறி தூரத்தில், ஓடை வளைவில். விடிகாலையில் கடமானை அடித்து மூங்கில் புதருக்குள் இழுத்துப் போட்டிருக்கிறது. நாகப்பன்தான் முதலில் பார்த்தார். இரையோடு இருக்கிற புலிக்கிட்ட வம்பு வேண்டாம், இன்று யாரும் அகழியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிப் பலகையையே எடுத்துவிட்டார்கள். உள்ளேயே ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டி வாளி வைத்திருக்கிறான். வாளி! மூன்று ஆம்பளைகளுக்கு நடுவில்! நான் போகவே மாட்டேன்.

புலியின் முதுகும் வாலும் தெரிந்தன. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். மானின் பின்பக்கத்திலிருந்துதான் தின்ன ஆரம்பிக்கிறது. பெரிய ராஜா என்கிறார்கள், தின்கிற லட்சணம் இதுதான். ரகோத்தமன் சாருக்கு ஆனந்தக் கண்ணீர்.

"சனிக்கெழமையும் விரதம்" என்று நான் வாய் திறப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான், "பெருமாளுக்குங்களாம்மா?" கிண்டல். எஸ்டேட் குசும்பு.

கடைசி இரண்டு ஒப்புட்டு இருந்தது. பிட்டால் லேசாக நூல் விட்டது. வாசமும் ஒரு மாதிரி புளிப்பு. கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் பார்த்த கணமே தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் நான் சுத்தபத்தமாகச் செய்தது, அவன் வெங்காயத்துக்கு இது எவ்வளவோ மேல். தின்றுவிட்டேன்.

சனி, மத்தியானம்

வயிறு சரியில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

எழுத்து கோணுகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது. வாளி வரைக்கும் போக வேண்டும் என்று எழுந்தேன், கால் மடங்கிவிட்டது. கூடாரத்துக்குள்ளேயே எல்லாம் ஆகிவிட்டது. மேலேயும் கீழேயும். சுடிதார், பாய், ஷோபிகா உள்ளே நுழைந்து படுக்கிற தூக்கப்பை, எல்லாம். நாற்பத்தெட்டு வயசுப் பொம்பளை, பிள்ளை மாதிரி. நான் துணியில் ஒரு பொட்டுக் கறை விடாதவள்.

ஷோபிகா துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே பேசியது எல்லாம் கேட்டது.

"அக்கா, நீங்க கொஞ்சம் உள்ள போய் உதவி பண்ண முடியுமா? நான் ஆம்பளை" என்றான் எபனேசர்.

"என்னால முடியாதுங்க. சாரி. எனக்கு இப்பவே மயக்கமா வருது."

ரகோத்தமன் சார் நாற்காலியைக் காற்று அடிக்காத பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. "யாராவது பாருங்கப்பா, பாவம்" என்றார். யாராவது!

கூடாரத்துக் கதவு விலகியது. எபனேசர் குனிந்து உள்ளே பார்த்தான். அவன் கை நேராக மூக்குக்குப் போயிற்று.

பார்த்துவிட்டேன். அந்த நிலையிலும் என் கண் வேறு எங்கேயும் போகவில்லை, அந்தக் கைமேல்தான் இருந்தது. கதவை விட்டுவிட்டு ஓடினான். கூடாரத்துக்குப் பின்னால் ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தம். சரி, முடிந்தது. அம்புக்குறியை ஒட்டிவிட்டேன். மிருதுளாவிடம் என்ன சொல்லிப் புரிய வைப்பது என்று யோசித்துக்கொண்டே, அந்த நாற்றத்திலேயே கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுபடியும் கதவு விலகியது. வெந்நீர் வாளி, அவனுடைய லுங்கி ஒன்று, துணி, பிளாஸ்டிக் பை. கண்ணெல்லாம் கலங்கி, மூக்கு சிவந்து நிற்கிறான்.

"மணியம்மா, நான் கண்ணை மூடிக்கிறேன். கையப் பிடிச்சு எந்திரிங்க."

எழ முடியவில்லை. தூக்கினான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துணியை நனைத்து நனைத்துக் கையில் கொடுத்தான். எனக்குக் கை எட்டாத இடத்துக்கு லுங்கியைப் போர்த்திவிட்டு அவனே துடைத்தான். பாதியில் தொண்டை ஏறி இறங்கியது, "ஒரு நிமிசம்மா" என்று வெளியே ஓடினான். அதே சத்தம். திரும்பி வந்தான். பாயைச் சுருட்டினான். மறுபடி ஓடினான். மறுபடி வந்தான்.

"சாரிம்மா. எனக்கு இதுக்கு வயிறு தாங்காது, சின்ன வயசுலருந்தே அப்படித்தான். நீங்க கண்டுக்காதீங்க."

"புலியோடத மோந்து மோந்து பாக்கற?"

"அது வெறும் முடியும் எலும்பும்மா. மனுசனோடதுதான் எனக்கு ஆகாது."

அந்தக் கோலத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வயிறு இன்னும் பிடுங்கியது.

"என்னம்மா சாப்ட்டீங்க? விரதம்னீங்க?"

மறைத்து என்ன ஆகப்போகிறது. "ஒப்புட்டு. நூல் விட்டுருந்துச்சு."

தேடி எடுத்தான் மீதியை. பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தப் புளித்த தேங்காய் நாற்றம் குப்பென்று அடித்தது. அதற்கும் ஒரு தடவை ஓடினான்.

பொழுது சாய்கிற வரைக்கும் உப்பும் சர்க்கரையும் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தான். என் சுடிதாரை அகழி ஓரமாக வைத்து அலசினான். எதிரே மூங்கில் புதரில் புலி இருக்கிறது, இவன் அதற்கு முதுகு காட்டிக்கொண்டு என் துணியை அலசுகிறான், நடுநடுவே ஓங்கரிக்கிறான். அன்று சமைத்த கஞ்சியை அவன் கையால்தான் குடித்தேன். வெங்காயம் போட்டிருந்தது.

இன்று வயிறு அடங்கிவிட்டது. புலியும் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்கிறார் நாகப்பன். படுத்துக்கொண்டே யோசிக்கிறேன்.

மிருதுளா பிறந்தபோது எனக்கு உள்ளே கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்கிற வரைக்கும், ஒரு வருடத்துக்கு மேல், எனக்குத் தெரியாமலே மூத்திரம் ஒழுகிக்கொண்டிருக்கும். துணி வைத்து வைத்துப் பார்ப்பேன், வாடை போகாது. பவுடரைக் கொட்டிக்கொள்வேன். எங்கள் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று தேங்காய்ப்பூத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, "மாத்திரை தின்னியா?" என்று கேட்பார். உள்ளே வர மாட்டார். ஒரு நாள்கூட வாந்தி எடுத்ததில்லை. கௌரவமாகக் கேட்டுவிட்டுக் கௌரவமாகப் போவார். அப்படிப் போனவர், போன இடத்திலேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். குழந்தைக்குப் பெயர் வைக்கக்கூட வரவில்லை. மிருதுளா என்று நான்தான் வைத்தேன்.

இருபத்தைந்து வருடமாக ஆம்பளைகளின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூக்குக்குப் போனால் அவ்வளவுதான், அந்த ஆள் எனக்கு ஆகாது. கை போனதற்குப் பிறகு ஆள் எங்கே போகிறான் என்று நான் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

அழுதேன். ஷோபிகா தண்ணீர் கொண்டு வந்து தள்ளி வைத்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான். அவள்மேலும் இப்போது கோபம் வரவில்லை. தூக்கப்பை அவளுடையதாயிற்றே.

நவம்பர் 24, திங்கள்

இறங்கிவிட்டோம். வழியெல்லாம் அட்டை. அட்டையை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

என் பையையும் சேர்த்து அவனே சுமந்தான். ஜீப்பில் ஏறும்போது தனியாக வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மணியம்மா, நான் வாந்தி எடுத்தத ஆபீஸ்ல சொல்லிராதீங்க. கைடு இப்படின்னு தெரிஞ்சா சிரிப்பாங்க."

"சொல்ல மாட்டேன் சாமி. நானும் ஒண்ணு கேக்கறேன். என்னைப் பாத்து அருவருப்பா இல்லையா உனக்கு?"

பொய் சொல்லத் தெரியாத முகம். "இருந்துச்சும்மா" என்றான். "ரொம்ப."

பவுடர் டப்பாவையும் சோப்பையும் மறக்காமல் எடுத்துக் கொடுத்தான்.

பொள்ளாச்சி தாண்டியதும் போன் உயிர் பெற்றது. மிருதுளா.

"அம்மா, எங்க இருக்க? பழனில கூட்டமா?"

"நல்ல தரிசனம் கண்ணு. ஞாயித்துக்கெழமை அந்தப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேச்சு வார்த்தை என்று ஒருத்தர் முதல் தடவை வந்தால் எங்கள் வீட்டில் ஒப்புட்டு வைத்துத்தான் ஆரம்பிப்போம். அது இல்லாமல் சம்பந்தம் பேசினதாகவே ஆகாது. அவன் எந்த ஒப்புட்டைப் பார்த்தான், எதன் பிறகு பார்த்தான், எந்த வாடையோடு பார்த்தான்! இத்தனை நாள் நான் அவனைச் செக் பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது என்னைப் பார்த்ததும் அவனுக்குக் குமட்டினால், என் மகளோடு இந்த வீட்டில் எப்படி வந்து உட்காருவான்?

நவம்பர் 27, வியாழன்

தூக்கமில்லை. ஒப்புட்டுக்குப் பதிலாகக் கேசரி பண்ணலாமா என்று பெரிய அண்ணியிடம் போனில் கேட்டேன். "உனக்கென்ன கிறுக்கா? கேசரி வெச்சுப் பொண்ணக் குடுப்பியா?" என்றாள். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 30, ஞாயிறு

அண்ணன்மார் வரவில்லை. சின்ன அண்ணன் மட்டும் வந்து, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தாடியை ஒட்ட வெட்டியிருந்தான். கதவைத் திறந்தேன். செருப்பைக் கழற்றியவன் நிமிர்ந்து பார்த்து அப்படியே நின்றான்.

"மணியம்மா?"

மிருதுளா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அம்மா… பழனி?"

"முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். உள்ள வரச் சொல்லு."

உட்கார்ந்தான். தட்டைக் கொண்டு வந்து வைத்தேன். காலையில் சுட்டது, நெய் மினுங்க, தேங்காய்ப் பூரணம். அவன் ஒப்புட்டைப் பார்த்தான். கை மூக்குக்குப் போகவில்லை, மடியிலேயே இருந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

"ஒரு நிமிசம்மா" என்று எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினான். சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. சின்ன அண்ணன் பேப்பரை இறக்கினார். மிருதுளாவுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது, "ஐயோ, என்னாச்சும்மா அவனுக்கு, பிடிக்கலையா, போயிடுவானா" என்று எழுந்தாள்.

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இரு கண்ணு. வந்துருவான்."

வந்தான். முகம் கழுவி, சட்டையெல்லாம் நனைந்து, வந்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.